குளியலறையில் ஒன்பது செடிகள்

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

வாண்டு எழுதுகிறேன். கொசுக்கடியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோல் தட்டுகளை இன்னும் நீங்களேதான் தூக்குகிறீர்களா? அண்ணன் சௌக்கியமா? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன், நீங்களும் ஒவ்வொரு பதிலிலும் "இருக்கிறார்" என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறீர்கள். ஆனாலும் கேட்பேன்.

இதோடு, சாமான் வாங்க ஊருக்கு வரும் எங்கள் ஜீப் டிரைவர் ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு பை மண்ணும் தருவார். பயப்படாதீர்கள். பெட்டியில் ஈரப் பாசியில் சுற்றிய ஒன்பது விதைகள் இருக்கின்றன. எங்கள் ஆய்வு நிலையத்துக்குக் கீழே உள்ள சரிவில் நிற்கும் ஒரு மரத்தினுடையவை. நாங்கள் அதைச் சுழலி என்று கூப்பிடுவோம். விதைக்கு இரண்டு நீளச் சிறகு உண்டு, விழும்போது கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே இறங்கும். இந்த மரம் மனசு வைத்தால் காய்க்கும், இல்லையென்றால் வருடக்கணக்கில் சும்மா நிற்கும். போன தடவை காய்த்தபோது நான் இங்கே வரவே இல்லை. எப்போதும் மழைக்கு முன்னால் காய்த்து, ஈர மண்ணில் விதையைப் போடும். இந்த முறை கணக்குத் தப்பிவிட்டது. மூன்று வருடமாக மழை தள்ளித் தள்ளிப் போய், மரம் குழம்பி, கொளுத்தும் வெயிலில் காய்த்துக் கொட்டுகிறது. தரை வெடித்துக் கிடக்கிறது. விழுந்த விதை விழுந்த இடத்திலேயே வறுபடுகிறது.

காயவைத்து டப்பாவில் போட்டுவைக்கலாமே என்று கேட்பீர்கள். காய்ந்தால் இது செத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் செத்துவிடும். உடனே நட்டே ஆகவேண்டும். இங்கே ஓடை வற்றிப்போய்க் குடிக்கிற தண்ணீரே டிரம்மில் வருகிறது. நாற்றுக்கு ஒரு குவளைகூடத் தர முடியாது என்கிறார் நிலையத் தலைவர். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்போதுதான் உங்கள் குளியலறை ஞாபகம் வந்தது. கூரையில் கண்ணாடி, எந்நேரமும் வெந்நீர் ஆவி, நேர் வெயில் கிடையாது. எனக்குத் தெரிந்து உங்கள் நகரத்தில் மழைக்காட்டுக்கு ரொம்ப நெருங்கின இடம் அதுதான்.

எங்களுக்குத் தெரிந்து இந்த வகை மரம் இந்தச் சரிவில் நிற்கிற மூன்றுதான் மிச்சம். அதில் காய்த்தது ஒன்று. இந்த விதைகள் போனால் அடுத்து எப்போது என்று எவருக்கும் தெரியாது. அனுப்பியிருக்கும் மண்ணையே போட்டு நடுங்கள், காயவிடாதீர்கள். அண்ணனிடம் சொல்வது உங்கள் இஷ்டம். குளிக்கப் போனால் அவருக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
வாண்டு

மார்ச் 20

அன்புள்ள வாண்டுக்கு,

முதுகு அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

மண்ணா அம்மா அது! பையைப் பிரித்ததும் ஒரு பூரான் என்னைப் பார்த்து மீசையை ஆட்டியது. பின்னாலேயே வெள்ளைப் புழு, பேர் தெரியாத உருண்டைப் பூச்சி, நூல் நூலாக என்னென்னவோ. மூக்கைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாகக் கிருமியை ஒழிக்கிற வேலை செய்கிறவளுக்கு அனுப்புகிற சாமானா இது? கவலைப்படாதே, என் கைப்பட நன்றாகச் சுத்தம் செய்துதான் நட்டேன். ஒன்பது தொட்டியும் குளியலறையில் வரிசையாக இருக்கின்றன. வார்டுப் படுக்கை மாதிரி ஒவ்வொன்றுக்கும் நம்பர் ஒட்டியிருக்கிறேன்.

உன் அண்ணன் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார். ஷேவிங் சாமான்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தொட்டிக்குப் போய்விட்டார். அவர் நாலு பேர் காலைப் பிடித்து ஆஸ்பத்திரி லேபில் வாங்கிக்கொடுத்த வேலையை இரண்டே வாரத்தில் விட்டுவிட்டு, நீ சீட்டு எழுதி வைத்துக் கிளம்பினாய் அல்லவா? அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தால் வாயில் பூட்டுத்தான். உன் கடிதங்களை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். படிக்கிறாரா, அதன்மேல் டீக் கிளாசை வைக்கிறாரா, தெரியாது.

எனக்கு ஒரு சந்தேகம். காய்க்க வேண்டிய வருடம் எது என்று மரத்துக்கு யார் சொல்கிறார்கள்?

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். சாப்பிடுகிறேன், டின் மீன்தான் என்றாலும். உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நிலையத் தலைவரே சிரித்துவிட்டார். அவர் சிரித்து இங்கே யாரும் பார்த்ததில்லை.

மரத்துக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டீர்களே, அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். சில வறண்ட வாரம், சில குளிர்ந்த ராத்திரி, ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. இங்கே வேறு மரங்களில் ஒரே வகையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே வாரத்தில் பூக்கும். எப்படி என்று தெரியாது. தெரியாது என்று எழுதுவதில் எனக்கு என்ன சந்தோஷம் என்று அண்ணனுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும்.

ஒரு விஷயம். சுத்தம் செய்தேன் என்றால் பூச்சி பொறுக்கினீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த மண் வெறும் மண் இல்லை அண்ணி. அதில் கண்ணுக்குச் சட்டென்று படாத ஒரு பூஞ்சை உயிரோடு இருக்கிறது. செடியின் வேர் நுனியில் உறை மாதிரி ஒட்டிக்கொண்டு, மண்ணில் இருக்கிற சத்தை உறிஞ்சி அதற்கு ஊட்டிவிடும். அதற்குக் கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கும். பூஞ்சை இல்லாமல் சுழலி முளைக்கும், விதையில் இருக்கிற சாப்பாடு தீரும்வரை. அப்புறம் பட்டினிதான். அதனால்தான் இந்த மண்ணையே அனுப்பினேன்.

முளைத்தால் உடனே எழுதுங்கள். அண்ணன் சௌக்கியமா?

வாண்டு

ஏப்ரல் 18

அன்புள்ள வாண்டுக்கு,

முளைத்துவிட்டது! ஒன்பதும்! முதலில் மேலே வராமல் கீழேதான் போகிறது. ஒரு சிவப்பு வால் வெளியே வந்து மண்ணைத் தேடுகிறது. நேற்றுக் காலை நாலாம் நம்பர் விதையைத் தலையில் தொப்பி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. பல் தேய்க்கப் போனவள் அரை மணி நேரம் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், வேலைக்கு லேட். நர்ஸம்மா "என்ன, வீட்ல யாருக்காவது பிரசவமா?"ன்னு கேட்டாள். ஆமாம், ஒன்பது என்றேன்.

இலை ஏன் முதலில் சிவப்பாக வருகிறது? வெயில் தாங்கவா, பூச்சியை ஏமாற்றவா? இரண்டு இலையும் ஏன் தூங்குகிற மாதிரித் தொங்குகின்றன? அது சரி, இப்படி அவசரமாக முளைக்கிற விதையைப் போட மரம் எதற்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும்?

உன் அண்ணன் நேற்று வாயைத் திறந்தார். "இதுக்குப் பேரு என்ன?" "உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க" என்றேன். போய் டிவி போட்டுக்கொண்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து வெகு நாளாயிற்று. மன்னியுங்கள். கீழ்ச்சரிவில் தீ பிடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கொஞ்சம் இருமல் இருந்தது, இப்போது இல்லை. பாதை மூடியிருந்ததால் ஜீப் வரவில்லை. உங்களுக்கும் அண்ணனுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறதா?

செடிகளைப் பற்றி எழுதுங்கள். எத்தனை இலை, எவ்வளவு உயரம், என்ன நிறம். ஒன்று விடாமல் எழுதுங்கள்.

வாண்டு

ஜூன் 27

அன்புள்ள வாண்டுக்கு,

இருமலுக்கு மருந்து வைத்திருக்கிறேன், டிரைவரிடம் வாங்கிக்கொள். இல்லை என்று நீ எழுதினால் இருக்கிறது என்று அர்த்தம்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தீ என்கிறாய், பாதை என்கிறாய், மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ எழுதுகிற கடிதத்தில் மரம் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

நானும் நல்ல சேதி சொல்லப் போவதில்லை. செடிகள் நின்றுவிட்டன. இரண்டிரண்டு இலையோடு சரி, மேலே ஏறவில்லை. போன மாதத்திலிருந்து மஞ்சளடிக்கிறது, மஞ்சள் காமாலை வார்டு மாதிரி. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். உரக்கடையில் கேட்டு ஒரு பொடி வாங்கி ஒரு செடிக்குப் போட்டேன், அதன் இலை ஓரம் கருகிவிட்டது. ஏழாம் நம்பர் மட்டும் பச்சைப்பசேல் என்று நாலாவது இலை விட்டிருக்கிறது. ஒரே வெளிச்சம், ஒரே தண்ணீர், ஒரே நாள் நட்டது. அது மட்டும் என்ன மாப்பிள்ளையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அண்ணி

ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

மருந்து வந்தது. நீங்கள் சொன்னது சரி, இருமல் இருக்கத்தான் இருந்தது.

மூன்று மரமும் போய்விட்டன. எழுதினால் நிஜமாகிவிடும் என்று எழுதாமல் இருந்தேன். தீ முழங்கால் உயரம்கூட இல்லை அண்ணி. காய்ந்த சருகில் சோம்பேறி மாதிரி ஊர்ந்து வந்தது. நாங்கள் நாலு பேர் ஈரச்சாக்கால் அடித்தோம். ஆனால் மழைக்காட்டு மரம் தீயைப் பார்த்ததே இல்லை, பட்டை மெல்லிசு. அடியைச் சுற்றி ஒரு தரம் சுட்டாலே போதும். பார்த்தால் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன, மேலே ஒவ்வோர் இலையாக உதிர்கிறது. நான் அடியில் உட்கார்ந்து அழுதேன். மண்ணின் மேல்படையும் சாம்பல். பூஞ்சை இருப்பது அந்த மேல்படையில்தான். ஒரு மாதமாகத் தேடுகிறேன், உயிரோடு ஒரு நூல்கூடக் கிடைக்கவில்லை.

ஆகவே அந்த ஒன்பது செடிதான் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், மண்ணை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? மஞ்சள் நிறம் நான் முன்னால் எழுதின பட்டினி மாதிரியே இருக்கிறது. ஏழாம் நம்பர் ஏன் பச்சை என்பது அதைவிட முக்கியம்.

வாண்டு

ஜூலை 19

அன்புள்ள வாண்டுக்கு,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மண்ணை வேகவைத்துவிட்டேன்.

கழிவுச் சாமான்களுக்கென்று எங்கள் பிரிவில் ஒரு பழைய ஆட்டோகிளேவ் இருக்கிறது, பெரிய குக்கர் மாதிரி. உன் பையை அதில் வைத்து, அழுத்தம் ஏற்றி, முழு நேரம் ஓடவிட்டேன். அரைகுறையாகச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லையே! எல்லாம் செத்ததற்கு அடையாளமாகப் பைமேல் ஒட்டின டேப் நிறம் மாறினதைப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்கு எடுத்துவந்தேன். பச்சைக்குழந்தைக்குப் பால்புட்டி கொதிக்கவைக்கிற மாதிரி நினைத்துத்தான் செய்தேன். மண்ணில் உயிர் இருக்கிறது என்று நீ எழுதினதைப் படித்ததுமே ஓடிப்போய்த் தொட்டிகளைப் பார்த்தேன். ஆனால் அடுத்த வாரமே ஒன்பதும் முளைத்துவிட்டதா, சரி, ஒன்றும் ஆகவில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தது பெரிய தப்பு. என்னைத் திட்டி எழுது, திட்டாமல் எழுதாதே.

ஏழாம் நம்பர் கதையைக் கேள். நேற்று அந்தத் தொட்டியை மட்டும் வெளிச்சத்தில் வைத்துக் கிளறினேன். அடியில் கருகருவென்று வேறு மண்! நான் வேகவைத்தது சாம்பல் நிறம். தொட்டியையே சாட்சியாகத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் "இது யாரு வேலை?" என்றேன். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். உன் அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தார். "நான்தான். நீ எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து வெச்சேன்."

"எதுக்கு?"

"சும்மா."

"சும்மா யாராவது பூரான் மண்ணை எடுத்து வெப்பாங்களா?"

எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர், கீழே வரவே இல்லை. சாப்பாட்டை மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது என்ன செய்யலாம்? செய்ய ஏதாவது இருக்கிறதா?

அண்ணி

ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மூன்று வருடமாக அண்ணி வழியாக விசாரித்துக்கொண்டிருந்தேன். இன்று நேராகவே கேட்கிறேன். எப்படி இருக்கிறீர்கள்?

அண்ணி தன்னைத் திட்டி எழுதச் சொன்னார்கள். திட்டமாட்டேன். நான் "சுத்தம்" என்ற வார்த்தையை அங்கேயே பிடித்து உலுக்கியிருக்க வேண்டும், அவர்கள் வேலை என்னவென்று தெரிந்தும் விட்டுவிட்டேன்.

உங்களால் ஒன்று முடியும். அகலமான ஒரு தொட்டி எடுங்கள். ஏழாம் நம்பரை நடுவில் வைத்து, மற்ற எட்டையும் சுற்றி நெருக்கமாக நடுங்கள், வேரோடு வேர் தொடுகிற மாதிரி. உங்கள் ஒரு பிடி மண்ணில் இருந்த பூஞ்சை ஏழின் வேரில் ஏறியிருக்கிறது. அது பக்கத்து வேருக்கும் நடந்து போகலாம். போகாமலும் இருக்கலாம். வேர் நுனியில் வெள்ளையாக உறை மாட்டின மாதிரித் தெரிந்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

பிழைத்தாலும் பழைய இடத்தில் நட முடியாது. அங்கே வெயில் கூடிவிட்டது, தீ மறுபடியும் வரும். மலையில் மேலே, மூடுபனி இன்னும் தங்குகிற ஓர் இடம் பார்த்திருக்கிறேன். அந்த மண்ணில் இந்தப் பூஞ்சை கிடையாது. செடி தன்னோடு எடுத்துக்கொண்டு வந்தால்தான் உண்டு. இப்போதைக்கு அது இருப்பது உங்கள் குளியலறையில் மட்டும்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். அந்த மண்ணை ஏன் எடுத்து வைத்தீர்கள்? ஆய்வுக்காகக் கேட்கிறேன்.

அன்று உங்களிடம் சொல்லாமல் போனது, உங்கள் முகத்தைப் பார்த்தால் போயிருக்க மாட்டேன் என்பதால்தான்.

உங்கள் தங்கை

அக்டோபர் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு மாதமாக ஒரு வரிகூட இல்லை. டிரைவரைக் கேட்டால் "வீட்ல ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க, ஒண்ணும் குடுக்கல"ன்னு கையை விரிக்கிறார். இங்கே மழை வந்துவிட்டது, தாமதமாக, ஆனால் வந்துவிட்டது. செடிகள் செத்திருந்தால் செத்துவிட்டன என்றே எழுதுங்கள். தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. உங்கள் இருவர் உடம்பும் நலம்தானே?

வாண்டு

நவம்பர் 9

வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நலம். உன் அண்ணிக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது. இல்லை என்று அவள் சொல்வாள், நம்பாதே.

தாமதத்துக்குக் காரணம் நான். கடிதம் என் பெயருக்கு வந்தது, நான்தான் பதில் எழுதுவேன் என்று அவளை எழுதவிடவில்லை. லிஃப்ட் ஓடாமல் ரிப்பேர் முடிந்தது என்று நான் கையெழுத்துப் போட்டதில்லை. செடி பிழைக்கிறதா என்று தெரியட்டும் என்று காத்திருந்தேன்.

நீ சொன்னபடி செய்தேன். துணி ஊறவைக்கிற பெரிய தொட்டியில் ஏழாம் நம்பரை நடுவில் வைத்தேன். முதல் மாதமே இரண்டு செத்துவிட்டன. உரப்பொடி போட்டதும் அப்புறம் போயிற்று. அதற்கு உன் அண்ணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மற்றவை மஞ்சளாகவே நின்றன. நான் தினமும் காலையில் லிஃப்ட் பார்க்கிற டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். போன மாதக் கடைசியில் ஒன்றின் நுனியில் சிவப்பாக ஏதோ இருந்தது. நோய் என்றாள் உன் அண்ணி. நோய் இல்லை, இலை. இன்று ஐந்து செடியில் புது இலை இருக்கிறது. ஏழோடு சேர்த்து ஆறு. ஓரமாக ஒரு வேரைக் கிளறிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நீ எழுதின வெள்ளை உறை இருக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையா நான் வேகவெச்சேன்" என்று அழுதுவிட்டாள். பிறகு என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள்.

ஏன் எடுத்து வைத்தீர்கள், ஆய்வுக்காகக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன்.

அந்தப் பை வந்த அன்று நான்தான் வீட்டில் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்தேன். எல்லாக் கடிதத்தையும் படித்திருக்கிறேன். பையைப் பிரித்தேன். ஒரு நல்ல வேலையையும் என்னையும் விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான். மண்தான் இருந்தது. ஒரு பிடி எடுத்து டிபன் டப்பாவில் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். லிஃப்ட்டுக்கு மேலே உட்கார்ந்து சாப்பிடும்போது திறந்து பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். ஒரு தடவை நாக்கிலும் வைத்தேன். ஒன்றும் புரியவில்லை. மறுநாளும் திறந்து பார்ப்பேன். காயவிடாதே என்று நீ எழுதியிருந்ததால் தண்ணீர் தெளிப்பேன். டப்பா உன் அண்ணி கையில் சிக்கினால் கழுவிவிடுவாள் என்று தோன்றின அன்று, ஏழாம் நம்பர் தொட்டியில் போட்டு மூடினேன். ஏழாம் நம்பரை ஏன் எடுத்தேன் என்று கேட்காதே, அதுதான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

செடிகளை ஜீப்பில் ஏற்றி அனுப்ப மாட்டேன். அந்த டிரைவர் ஓட்டுவது எனக்குத் தெரியும். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானே வருகிறேன். குழி எங்கே என்று காட்டு, தோண்டுவது நான்.

ஒரு வாரம் இருப்பேன். பூஞ்சையைப் பற்றி நீ எழுதினதில் பாதிதான் விளங்கியது. அண்ணனுக்குப் புரியாது என்று நீயாகவே எழுதிவிடுகிறாய். என்னிடம் எப்போதாவது சொல்லிப் பார்த்தாயா? நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். முதலிலிருந்து சொல்.

அண்ணன்